லைன் ஆணையமும் ஒரு கர்ச்சீப்பும்

லைன் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று எங்கள் கே.ஜி.எஃப்.பில் யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை. சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவைத்த லைன் வீட்டில் பிறந்தோம். ரேஷன் கடையில் லைனில் நின்றோம். ரயில் லைனைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனோம். கரண்டு போனால் லைன்மேன் வீட்டுக் கதவைத் தட்டினோம். மீசை முளைத்ததும் எதிர் லைன் பெண்களுக்கு லைன் விட்டோம். யார் எந்த லைனைச் சொன்னாலும் அடுத்தவனுக்குச் சட்டென்று விளங்கியது. விளங்காமல் போனது அரசாங்கத்துக்குத்தான்.

பெங்களூருவில் யாரோ ஒரு புண்ணியவான், 'தங்க வயலில் லைன் தொடர்பான சகல விஷயங்களையும் கவனிக்க ஓர் ஆணையம்' என்று உத்தரவு எழுதிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் மனதில் இருந்தது எந்த லைன் என்று யாருக்கும் தெரியாது. அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் மேலிடத்து உத்தரவுக்கு அர்த்தம் கேட்பது மரியாதைக் குறைவு என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் லைன் மேம்பாட்டு ஆணையம். எங்கள் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில், முன்பு சுரங்க ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஆஜர் கொடுத்த பழைய டைம் ஆபீஸ் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, அதில் குடிவைத்தார்கள்.

தலைவராக வந்தவர் இன்பராஜ். எங்கள் ஊர்க்காரர்தான். பெங்களூருவில் ஏதோ ஓர் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையரானவர். வேலை பார்த்த காலமெல்லாம் எங்களோடு ஒரே ரயில்பெட்டியில் போய்வந்தவர். அப்போதெல்லாம் நல்ல மனுஷர்தான். திறப்புவிழாவில் அவர் பேசிய பேச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"லைன் என்றால் என்ன என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் எல்லா லைனும் நம்முடையதே. தெரிந்துவிட்டாலோ, ஒரே ஒரு லைன்தான் நமக்கு மிஞ்சும். ஆகவே, அவசரப்பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். போண்டா அதற்கப்புறம்தான் கொடுப்பதாக இருந்தார்கள்.

ஊரில் இருக்கிற லைன்களையெல்லாம் ஐந்து பிரிவாகப் பிரித்தார்கள். வீட்டு வரிசைகள் 'கட்டின லைன்'. தண்ணீர், கரண்டு, ரயில் இதெல்லாம் 'ஓடுகிற லைன்'. சினிமாக் கொட்டகை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு வரிசைகள் 'நிற்கிற லைன்'. கயிறு, கோடு வகையறா 'இழுத்த லைன்'. மிச்சமிருந்தது 'விடுகிற லைன்'. அந்தப் பிரிவின் அதிகாரி மட்டும் ஜன்னலோரம் நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டு, எதிரிலிருந்த பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி காலை முதல் மாலைவரை கடமையாற்றினார்.

ஆணையத்தின் முதல் மக்கள்நலப் பணி, ஒவ்வொரு லைன் வீட்டு வரிசையின் முனையிலும் 'இது லைன்' என்று மூன்று மொழிகளில் எழுதிய போர்டு நடுவது. எங்கள் வரிசையின் முனையில் போர்டுக்குக் குழி தோண்டியவர்கள், கீழே போன தண்ணீர்க் குழாயைச் சரியாக நடுவில் உடைத்தார்கள். இரண்டு நாள் தெருவெல்லாம் வெள்ளம். அப்புறம் வால்வை மூடினார்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துகொண்டிருந்த தண்ணீர் அடியோடு நின்றது. போர்டு மட்டும் ஜம்மென்று நின்றது.

இதில் முதலில் அடிபட்டவர் சம்பங்கி. என் பக்கத்து வீட்டுக்காரர், ரயிலில் எனக்கு எதிர் சீட்டுக்காரர். பெங்களூருவில் ஒரு பனியன் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. வாயைத் திறந்து ஒருவரையும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவருடைய ஒரே மகள் பவ்யாவைப் பக்கத்து ஏரிக்கரை ஊரான பேத்தமங்களாவில் கொடுத்திருந்தார்கள். பவ்யா முழுகாமல் இருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரவேண்டும்.

பவ்யாவின் மாமியார் ரத்தினம்மா நேராக வந்து குழாயைத் திறந்து பார்த்தார். அது ஒருமுறை இருமிவிட்டுச் சும்மா இருந்தது. ரத்தினம்மா கெட்டவரல்ல, ஆனால் கறாரானவர். சம்பங்கியின் மனைவி நளினி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஏரித் தண்ணிதான் இத்தினி வருசமா உங்க ஊருக்கு வந்துகினு கீது. உங்க ஊட்டுக் கொழாய்ல அது வரட்டும், நானே புள்ளய கொண்டாந்து வுடறேன். வரலன்னா அது எங்க ஊட்லயே பெத்துக்கட்டும். பச்ச ஒடம்ப வெச்சிக்கினு கொடம் தூக்கற வேல வாணாம்."

சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கஷ்டம். அன்றிரவு பவ்யா போன் செய்து, "மா, எனக்கு அங்கதான் வரணும்மா" என்று அழுதாளாம். நளினி சாப்பிடவில்லை. மறுநாள் ரயிலில் இதைச் சொல்லும்போது சம்பங்கியின் குரல் கம்மிப்போனது.

பிளம்பர் ஏசுபாதம் பார்த்துவிட்டு, ஒரு துண்டுக் குழாயை வைத்து இணைத்துவிட்டால் போதும், அரை மணி நேர வேலை என்றார். ஆனால் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் எந்த லைனில் கை வைத்தாலும் கேஸ் போடுவார்கள் என்று பயந்தார். அனுமதி வந்த நிமிஷமே வேலையை ஆரம்பிக்கத் தோதாக, அந்தத் துண்டுக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு சம்பங்கியுடன் கிளம்பினார். அந்த வாரம் முழுக்க அவர் அதை இறக்கவேயில்லை. டீக்கடையில்கூடத் தோளோடுதான் குடித்தார்.

ஆணையத்தின் வாசலில் விசாரணை மேஜையில் இருந்தவர் ஃப்ளோரா. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சம்பங்கியை லைனில் வரச் சொன்னார். வேறு ஆளே இல்லை என்றார் சம்பங்கி. லைனில் வந்தால்தான் அவர் முதல் ஆள், இல்லாவிட்டால் வெறும் ஆள் என்று ஃப்ளோரா விளக்கினார். சம்பங்கி லைனில் நின்றார். அவருக்குப் பின்னால் குழாயோடு ஏசுபாதம் நின்றார். இரண்டு பேர் சேர்ந்ததும் அது 'நிற்கிற லைன்' ஆகிவிட்டதால், அந்தப் பிரிவில் பதிவு செய்துகொண்டு வரும்படி ஃப்ளோரா அனுப்பினார்.

அது முடிந்து, 'ஓடுகிற லைன்' பிரிவுக்குப் போனார்கள். அதிகாரி நோயல், சின்ன வயசு, நல்ல படிப்பு. தினமும் பங்காருபேட்டையிலிருந்து வேலைக்கு வருகிறவர், அதற்கு முன்னால் சில வருஷம் பெங்களூருவுக்கும் ரயிலில் போனவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: தண்ணீர் இப்போது ஓடுகிறதா?

ஓடவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார் சம்பங்கி.

"அப்ப எங்க பிரிவு இல்லீங்களே. ஓடினாத்தான் ஓடுகிற லைன். ஓட ஆரம்பிச்சதும் வாங்க, அன்னிக்கே ரிப்பேர் பண்ணிக் குடுத்துடறோம்."

தண்ணீர் நின்றுவிட்டபடியால் அது நிற்கிற லைன்தான் என்று நோயலே வழியும் காட்டினார். நிற்கிற லைன் பிரிவில், நிற்பது தண்ணீரா ஆளா என்று கேட்டார்கள். தண்ணீர் என்றால் அது எந்த இடத்தில் நிற்கிறது, யாருக்குப் பின்னால் நிற்கிறது என்று கேட்டார்கள். சம்பங்கிக்குப் பதில் தெரியவில்லை. அந்த வீட்டுக்காரருக்கே தெரியாததை அரசாங்கம் எப்படித் தெரிந்துகொள்ளும் என்று வருத்தத்தோடு சொல்லி, கட்டின லைன் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே சுவர் இடிந்திருக்கிறதா என்று கேட்டார்கள். இடியவில்லை. இடிந்ததும் வரச் சொன்னார்கள்.

மறுநாள் ஆணையத்திலிருந்து ஆள் வந்தார்கள் என்றதும் நளினிக்கு ஒரே சந்தோஷம். வந்தவர்கள் இழுத்த லைன் பிரிவுக்காரர்கள். குழாய் போகிற பாதைக்கு மேலே வாசலில் நளினி துணி காயப்போடும் கயிறு குறுக்கே போவதைக் கண்டுபிடித்து அளந்தார்கள். ஒரு லைனுக்கு மேல் இன்னொரு லைன் போவது பாதுகாப்பல்ல என்றார்கள். கயிற்றின் இரண்டு முனையிலும் அரக்கு வைத்து, 'நடவடிக்கையில் உள்ளது' என்று அட்டை தொங்கவிட்டார்கள்.

"துவைக்கவே தண்ணி இல்ல. இதுல என்னத்த காயப்போட்டேன்னு சீல் வெக்கறீங்க? இது லைனும் இல்ல ஒண்ணும் இல்ல, கொடி" என்றார் நளினி.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடி என்றால் அதை ஏற்றவும் இறக்கவும் தனி விதிகள் இருப்பதாகவும், அந்த வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம், கயிறு என்றே வைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது என்றும் தணிந்த குரலில் புத்தி சொன்னார்கள். போகிற வழியில் மைதானத்தில் பையன்கள் ஃபுட்பாலுக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்ததைப் பார்த்து, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். கோட்டுக்கு அனுமதி வரும்வரை அவுட், கோல் எதுவும் செல்லாது என்றார்கள். அன்று சாயங்காலம் பந்து கோரமண்டல் ஸ்டேஷன்வரைக்கும் போய்த் திரும்பியதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

விடுகிற லைன் பிரிவும் சம்பங்கியை விடவில்லை. குடும்பத்தில் அனுமதி பெறாத லைன் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். சம்பங்கி பொய் சொல்லத் தெரியாத மனுஷர். கல்யாணத்துக்கு முன்னால் எதிர் லைனிலிருந்து நளினிக்கு லைன் விட்டதை ஒப்புக்கொண்டார். அதிகாரி முகம் மலர்ந்து, பழசானாலும் பரவாயில்லை, மனைவியை அழைத்து வந்து முறைப்படுத்திக்கொண்டால் மற்ற லைன்கள் சுலபமாகும் என்றார். நளினி வந்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பதிவைத் திருத்தச் சொன்னார்.

"லைன் வுட்டது நானு. இவரு பாத்துக்கினு நின்னாரு, அவ்ளோதான்."

அதிகாரி பேனாவை மூடினார். அப்படியானால் இவரும் நிற்கிற லைன்தான், நம் பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டார்.

இப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஞாயிறு வளைகாப்பு. இனி ஒரே வழி தலைவரை நேரில் பார்ப்பதுதான் என்று நான் சொன்னேன். துணைக்கு நானும் லீவு போட்டேன். சம்பங்கி, நான், தோளில் குழாயோடு ஏசுபாதம், மூன்று பேரும் காலையிலேயே போய் வராந்தாவில் நின்றோம்.

இந்த இடத்தில் எங்கள் ரயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாரிக்குப்பத்தில் காலி வண்டியாகக் கிளம்பும். அடுத்த ஸ்டேஷன் சாம்பியன். அங்கே வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்புகள் உள்ளே பறக்கும். தனக்கு ஒன்று, உரிகாமில் ஏறுகிற சிநேகிதனுக்கு ஒன்று. கர்ச்சீப் விழுந்த சீட்டு கர்ச்சீப்காரனுடையது. அதை எடுத்தவன், நகர்த்தியவன், அதன்மேல் உட்கார்ந்தவன் என்று எங்கள் ஊரில் ஒருவனும் கிடையாது. வெளியூர்க்காரன் எவனாவது தெரியாமல் செய்தால், பெட்டியே அவனிடம் பேச்சை நிறுத்திவிடும்.

ஒருமுறை யாரோ கர்ச்சீப்பைப் போட்டுவிட்டு வண்டியைத் தவறவிட்டுவிட்டான். அந்த சீட்டு பெங்களூருவரை காலியாகவே போனது. அதன் பக்கத்தில் அன்று காய்ச்சலோடு நின்றுகொண்டே போனவர் இதே இன்பராஜ்தான். பங்காருபேட்டையில் ஏறிய ஒருவன் உட்காரப் போனபோது, கர்ச்சீப் இருப்பது கண் தெரியவில்லையா என்று அவனை அதட்டியவரும் இவர்தான். அப்போதெல்லாம் நல்ல மனுஷர் என்று சும்மா சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போடுவதில் எங்கள் பெட்டியிலேயே சம்பங்கிதான் கெட்டி. ஓடுகிற வண்டியில் மூன்றாவது வரிசைக்குப் போடுவார்.

அன்று ஆணையத்தில் பெரிய கூட்டம். 'லைன்: பொருளும் எல்லையும்' என்று பேசப் பெங்களூருவிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். இன்பராஜ் உட்பட எல்லோரும் மாலையோடு கேட்டுக்குப் போயிருந்தார்கள். வராந்தாவின் பெரிய ஜன்னல் வழியாகக் கூட்ட அறை தெரிந்தது. அந்தக் காலத்தில் ஆஜர் வாங்கிய ஜன்னல், கம்பியே கிடையாது. நேர் எதிரே, மேஜையின் தலைமாட்டில், உயரமான முதுகு வைத்த தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. சம்பங்கி ராத்திரியெல்லாம் தூங்காதவர். ஜன்னல், உள்ளே ஒரு காலி சீட்டு, பின்னால் கும்பல் வருகிற சத்தம். அவருடைய கை அவரைக் கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்த நீலக்கட்டம் போட்ட கர்ச்சீப் ஒரு சுழற்றுச் சுழன்று போய் நாற்காலி நடுவில் பாந்தமாக உட்கார்ந்தது.

அதே நேரம் நளினியிடமிருந்து போன். செய்ததை உணராமலே அவர் பேசிக்கொண்டு வெளியே நடந்தார். எனக்கு உள்ளே போய் எடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது என் கர்ச்சீப் இல்லையே, நான் எப்படி எடுப்பேன்?

எல்லோரும் உள்ளே வந்தார்கள். இன்பராஜ் நாற்காலியை இழுத்தார். பார்த்தார். அப்படியே நின்றார்.

"யாருது?" என்றார்.

நோயல் எடுப்பதற்காகக் கையை நீட்டினார். கை பாதி வழியில் நின்று, தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பியது. தலைவர் வேறு நாற்காலியில் உட்காரலாமே என்று ஒருவர் சொன்னார். அதற்காக நோயல் எழுந்து இடம் கொடுத்தால், நோயலுக்கு அடுத்தவர் கொடுக்கவேண்டும், அவருக்கு அதற்கடுத்தவர் என்று போய், கடைசியில் வாசலில் இருந்த ஃப்ளோராவின் ஸ்டூலில் வந்து முடிந்தது. ஃப்ளோரா எழுந்திருக்க முடியாது என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார். தலைவர் நிற்கும்போது மற்றவர்கள் உட்காரவும் கூடாது. ஆகவே ஆணையம் முழுவதும் நின்றது.

பேராசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. வெறும் துணிதானே என்று அவரே எடுக்கப் போனார். அத்தனை பேரும் ஒரே குரலில் அவரைத் தடுத்தார்கள். இன்பராஜ் அவரை ஓரமாக அழைத்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். பதவிக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"சார், லைனுன்னா ஆயிரம் அர்த்தம் சொல்லலாம். கமிட்டி போடலாம், உங்கள மாதிரி பெரியவங்கள கூப்பிடலாம். கர்ச்சீப்புக்கு ஒரே அர்த்தம்தான். அதுல ஆராய்ச்சி பண்ண எடமே இல்ல."

சம்பங்கி போனை முடித்துக்கொண்டு வந்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய், ஓடிப்போய்க் கதவருகே கைகூப்பினார். கைப்பழக்கம் சார், மன்னிச்சிக்குங்க, எடுத்துடறேன் என்று குழறினார். இன்பராஜ் முகத்தில் உயிர் வந்தது. ஆனால் நோயல் குறுக்கே வந்தார். போட்டவன் உட்காராமல் எடுத்தால் அது சும்மா இடம் பிடித்தது ஆகும், ரயிலில் அதைவிடக் கேவலம் கிடையாது, அப்புறம் அவர் எந்த முகத்தோடு வண்டி ஏறுவார் என்றார். நியாயமான பேச்சு. கூட்டமே ஆமோதித்தது. இன்பராஜும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். நான் சம்பங்கியின் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

சம்பங்கி கர்ச்சீப்பை எடுத்து மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். எங்கள் பெட்டியில் உட்காருகிற மாதிரியே, முழங்காலைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொருவருக்கும் கொஞ்சம் இடம் விட்டு.

இன்பராஜ் அவர் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கை தானாக உயர்ந்து, மேலே பிடிக்கக் கம்பியைத் தேடியது. கம்பி இல்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு, வேலைக்குப் போன காலமெல்லாம் நின்றுகொண்டு வருகிறவன் உட்கார்ந்திருப்பவனைக் கேட்கிற அதே பணிந்த குரலில் குனிந்து கேட்டார்.

"எங்க எறங்கறீங்க?"

சம்பங்கி நிமிர்ந்து பார்த்தார். அந்த வாரம் முழுக்க எத்தனையோ கேள்வி கேட்டார்கள், ஒன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. இதற்குத் தெரிந்தது.

"ஊட்டுக் கொழாய்ல தண்ணி வந்தா எறங்கிடுவேன் சார்."

அது எந்தப் பிரிவில் வரும் என்று நோயல் மெல்ல ஆரம்பித்தார். இன்பராஜ் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கால் வலிக்காரர், அதற்கு மேல் நிற்க முடியாது.

"நான் நின்னுக்கினு கீறேன் நோயல். அந்தக் கொழாய்காரர கூப்பிடு."

ஏசுபாதத்தைக் கூப்பிட வேண்டியதேயில்லை. ஜன்னலில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், குழாயோடு பாதித் தெரு போயிருந்தார். போர்டு இடைஞ்சலாக இருக்கிறது என்று போன் செய்தார். பிடுங்கச் சொன்னார்கள். வால்வு மூடியிருக்கிறது என்றார். திறக்கச் சொன்னார்கள். அதுவரை ஆணையம் நின்றது, பேராசிரியரும் நின்றார். மரியாதைக்காகச் சம்பங்கி இடையில் ஒருமுறை, தலைவரும் நெருங்கி உட்காரலாம், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று நகர்ந்துகூடக் கொடுத்தார். இன்பராஜ் நாற்காலியின் அகலத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, பக்கத்தில்தானே என்றார்.

நளினியின் போன் வந்தது. தண்ணீர் விழுகிற சத்தம்தான் முதலில் கேட்டது, அப்புறம்தான் அவர் குரல். சம்பங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க சார், உட்காருங்க" என்று இடத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். இன்பராஜ் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, இந்த ரிப்பேர் எந்தப் பிரிவின் கீழ் நடந்தது என்று ஆராய ஒரு துணைக்கமிட்டி போட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டோம். அது இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்களாவில் வளைகாப்பு முடிந்து சாயங்காலம் சம்பங்கி வீட்டு வாசலுக்கு வண்டி வந்தது. பவ்யா இறங்குவதற்கு முன் ரத்தினம்மா இறங்கினார். நேராகப் போய்க் குழாயைத் திறந்தார். முதலில் செம்மண்ணாக வந்தது, அப்புறம் தெளிந்தது. உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"எங்க ஏரித் தண்ணிதான்" என்றார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, "எறங்கும்மா" என்றார்.

நளினி மகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் எங்கள் வரிசையே வாசலுக்கு வந்துவிட்டது. குழாயடிச் சேற்றில் பவ்யா வழுக்கிவிடக் கூடாதென்று, பிடுங்கிப்போட்ட 'இது லைன்' போர்டைச் சம்பங்கி குப்புறப் போட்டார். கை நிறைய வளையலோடு அதன்மேல் கால்வைத்து அவள் வீட்டுக்குள் போனாள். அன்றிரவு நளினி அந்த நீலக்கட்டம் போட்ட கர்ச்சீப்பைக் குழாய்த் தண்ணீரில் அலசி, சீல் வைத்த கயிற்றிலேயே காயப்போட்டார். அட்டை அதன் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ரயில் வந்தபோது சம்பங்கி பிளாட்பாரத்தில் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். கர்ச்சீப் இல்லை. எல்லா சீட்டிலும் கர்ச்சீப் விழுந்துவிட்டது. நான் எனக்குப் போட்டதைத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகப் பெங்களூருவரை நின்றுகொண்டே வந்தார். முகம் மட்டும் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

பெட்டியே ஆச்சரியப்பட்டது. இன்னா சம்பங்கி, உன் கர்ச்சீப்பு எங்க என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"எதுத்த ஊட்டு மரியாக்கா எங்க கொடியில இருந்து எடுத்துக்கினு பூட்டாங்க. அவங்க ஊட்ல கரண்டு லைன் போயி ரொம்ப நாளாச்சாம்" என்றார். "இந்நேரம் அது ஆணையத்து ஆபீஸ்ல உட்கார்ந்துகினு இருக்கும்."